குரோம்பேட்டையில் கார் இல்லாத குடும்பம்: பஸ்ஸுக்கும் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கும் ஒரு நன்றி

குரோம்பேட்டை தம்பதி

எல்லாருக்கும் வணக்கம். இந்த இணைய மன்றத்தில் இந்தக் கணக்கை நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து வைத்திருக்கிறோம். இப்போது எழுதுவது நான், அவர் பிறகு வந்து எழுதுவார்.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் பல வருஷம் இருந்துவிட்டு, மாமனாரின் வைத்தியம் சென்னையில்தான் என்று ஆனதும் மூட்டை கட்டிக்கொண்டு குரோம்பேட்டைக்கு வந்துவிட்டோம். நான் கோவில்பட்டிப் பக்கம், அவர் திருச்சி, இரண்டு பேருக்குமே சென்னை புது ஊர். வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "என்ன வண்டி வாங்கப் போறீங்க?" என்பதுதான். இன்னும் வாங்கவில்லை. இப்போதைக்கு அந்த எண்ணமும் இல்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கிச் சொல்வதைவிட இங்கே ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஆர்லிங்டனில் எங்களிடம் ஒரு கார்தான். அது காலையில் அவரோடு ஆபீஸ் போய்விடும். நான் இருந்தது எச்-4 விசாவில், அங்கே வேலை பார்ப்பவரின் மனைவிக்குக் கொடுப்பது, எனக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை. வீட்டிலிருந்து மளிகைக்கடை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான், ஆனால் நடுவில் ஆறு லேன் ரோடு, பாதி தூரத்தில் நடைபாதை அப்படியே முடிந்து புல்தரையாகிவிடும், ஜூலை வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதில் நடந்து பார்த்தால்தான் தெரியும். லைப்ரரிக்குப் போக வேண்டுமா, பல் டாக்டரிடம் போக வேண்டுமா, ஒரு தோழி வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் உட்கார வேண்டுமா, எல்லாவற்றுக்கும் யாரையாவது கேட்க வேண்டும். அவரைக் கேட்க வேண்டும், இல்லை பக்கத்து அபார்ட்மெண்ட் அக்காவைக் கேட்க வேண்டும். யாரும் முடியாது என்று சொன்னதே இல்லை, நல்ல மனிதர்கள். ஆனாலும் கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டேன், வெளியே போவதையும்.

இங்கே வந்த பிறகு நான் யாரையும் கேட்பதில்லை. ஜி.எஸ்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலைக்கு நடந்து வந்தால் பஸ், தண்டவாளத்துப் பக்கம் வந்தால் ட்ரெயின். மயிலாப்பூர் போக வேண்டுமென்றால் 21ஜி. தி.நகர் என்றால் ரயிலில் மாம்பலம், அதற்கு டிக்கெட் ஐந்து ரூபாய். கடற்கரை ஸ்டேஷன் வரைக்கும் போனாலும் பத்து ரூபாய்தான். முன்பக்கம் பிங்க் நிறம் அடித்த சாதாரணக் கட்டண பஸ்ஸில் ஏறினால் எனக்கு டிக்கெட்டுக்குக் காசே கிடையாது, ஆனால் டிக்கெட் கொடுப்பார்கள். எங்கே போகிறாய், எப்போது வருவாய், யார் கொண்டுவிடுவார்கள் என்று யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. மாமியாருக்குக்கூட இப்போது தைரியம் வந்துவிட்டது. அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் இலவசமாகக் கொடுக்கிறார்கள் இல்லையா, அதை வாங்கி ஒரு சின்ன பர்ஸில் தனியாக வைத்திருக்கிறார், எங்களையே எடுக்க விடமாட்டார்.

சாயங்கால வண்டியில் லேடீஸ் கம்பார்ட்மெண்டைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு அம்மா மடியில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு பொறுமையாக ஆய்ந்துகொண்டிருப்பார். எதிர் சீட்டில் நைட் டியூட்டிக்குப் போகும் நர்ஸ் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். வாசலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒருவர் பூக்கட்டுவார், மல்லிகை மொட்டை இரண்டிரண்டாக எடுத்து வைத்து நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார், வண்டி எவ்வளவு ஆடினாலும் அந்த விரல் தடுமாறாது. கோடம்பாக்கத்தில் ஆரம்பித்தது பல்லாவரம் வருவதற்குள் ஒரு பந்து ஆகிவிடும். இவர்கள் யாரும் என்னிடம் பேச வேண்டும் என்றுகூட இல்லை, நடுவில் உட்கார்ந்திருந்தாலே போதும் என்றிருக்கும். ஆர்லிங்டனில் அத்தனை வருஷம் இருந்தும் இப்படி முன்பின் தெரியாத ஜனங்களோடு ஒன்றாக உட்கார எனக்கு ஓர் இடம் வாய்க்கவில்லை.

ஓட்டுநர்கள், கண்டக்டர்கள், ராத்திரியில் தண்டவாளம் பார்ப்பவர்கள், டிக்கெட் கவுண்டரில் இருப்பவர்கள், எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் யாராவது ஊருக்குப் புதிதாக வந்து பஸ்ஸையும் ரயிலையும் நம்பி வாழ்க்கை தொடங்கியிருந்தால் எழுதுங்களேன், படிக்க ஆசையாக இருக்கிறது.

பெரம்பூர் 29சி

அக்கா, படித்து முடித்ததும் மனசு நிறைந்துபோனது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் பெரம்பூர், பெசன்ட் நகர் வரைக்கும் போகும் 29சி-யில்தான் காலேஜ், வேலை, எல்லாம். இந்த ஊரிலேயே இருப்பவர்கள் இதைப் பற்றிக் குறைதான் பேசுவோம், வெளியிலிருந்து வந்தவர் சொல்லும்போதுதான் நம்மிடம் என்ன இருக்கிறது என்று உறைக்கிறது.

நீங்கள் போகும் அந்தத் தடம் சாதாரணத் தடம் இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். பம்பாயில் 1925-ல் வந்தது, அதற்கு ஆறு வருஷம் கழித்து இங்கே. அப்போது தாம்பரம் பக்கமெல்லாம் ஏரியும் வயலும்தான். ஊர் வளர்ந்த பிறகு ரயில் விட்டதாக நினைக்காதீர்கள், ரயில் போன பக்கம் ஊர் வளர்ந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று வீடுகள் வரிசையாக முளைத்ததற்கு அந்தத் தண்டவாளம் பெரிய காரணம். எங்கள் தாத்தா மீட்டர் கேஜ் என்ற குறுகிய தண்டவாள வண்டியில் போனவர், நானே சின்ன வயசில் அந்தக் குட்டிப் பெட்டிகளில் போயிருக்கிறேன், 2004 வாக்கில்தான் அது முழுசாக ஓய்ந்து பிராட்கேஜ் வந்தது.

அதற்கும் முன்னால் இங்கே டிராம் ஓடியது, 1895-லேயே மின்சார டிராம். 1953-ல் நிறுத்திவிட்டார்கள். அது இருந்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பேன். பஸ் என்று பார்த்தால் 1947-லிருந்து அரசு பஸ் ஓடுகிறது, 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பல்லவன் பஸ் என்றுதான் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக யாரோ டெப்போவில் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து வண்டியை எடுத்ததால்தான் நமக்கு அஞ்சு மணிக்கு முதல் பஸ் வருகிறது.

நாவலூர் வாசி

உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வரவில்லை, ஆனால் இதைச் சொல்லாவிட்டால் இழை ஒரு பக்கமாகப் போய்விடும். நீங்கள் குடியிருப்பது குரோம்பேட்டை. ரயிலும் ஜி.எஸ்.டி. ரோடும் பக்கத்தில் பக்கத்தில். நானும் என் மனைவியும் இருப்பது ஓ.எம்.ஆர். என்னும் பழைய மகாபலிபுரம் ரோட்டில், நாவலூர். இங்கே ரயில் இல்லை. பஸ் உண்டு, 102, 570, 19 வரிசை என்று எல்லாம் உண்டு, ஆனால் காலையில் நான் நிற்கும் நிறுத்தத்துக்கு வரும்போது படியில் கால் வைக்க இடமிருக்காது, மூன்றாவது வண்டியில்தான் ஏற முடியும், மழை நாளில் அதுவும் இல்லை. மனைவி கர்ப்பமாக இருந்தபோது செக்கப்புக்கு ஒவ்வொரு தடவையும் ஆட்டோ, கேப் என்று கொடுத்த காசை எழுதினால் உங்களுக்கே கஷ்டமாக இருக்கும்.

சென்னைக்கு இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் பஸ், பெங்களூருவில் ஆறாயிரத்துக்கு மேல். இவ்வளவு பெரிய ஊருக்கு இது பற்றுமா? நன்றி சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நன்றி, நன்றி என்றே பேசிக்கொண்டிருந்தால் இன்னும் ஆயிரம் பஸ் விடு என்று கேட்கும் குரல் அமுங்கிப்போகும். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

மெப்ஸ் தையல்

நான் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் என்கிற ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். இங்கே படிப்பேன், எழுதுவதில்லை, இதற்கு மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் லைனில் உட்காரும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் பஸ்தான். முன்னாடி சம்பளம் வாங்கினதும் பஸ்ஸுக்கு என்று ஒரு தொகையை எடுத்துத் தனியாக முடிந்து வைக்க வேண்டும், மாசக் கடைசியில் அதிலும் கை வைத்துவிட்டால் ரெண்டு ஸ்டாப் நடந்து வந்து ஏறுவோம், அதில் ஒரு ஸ்டேஜ் குறையும். 2021 மே மாதம் புது அரசு வந்த கையோடு பெண்களுக்கு பஸ் இலவசம் என்று போட்ட கையெழுத்தில் அந்தச் செலவு போய்விட்டது. மாநிலத் திட்டக்குழு கணக்கெடுத்துப் பார்த்ததில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. படித்தவர்களுக்கு அது ஒரு ஹோட்டல் பில். எங்களுக்கு கேஸ் சிலிண்டர், பிள்ளையின் டியூஷன் பீஸ்.

ஓசி டிக்கெட் என்று சில பேர் வாய்விட்டே சொல்வார்கள், காதில் விழும். அதற்காகக் குனிந்து உட்கார மாட்டேன். அந்தக் காசை அரசாங்கம் கழகத்துக்குக் கொடுக்கிறது, அரசாங்கத்துக்கு நானும் வரி கட்டுகிறேன், சோப்பு வாங்கினாலும் கட்டுகிறேன். எங்கள் அம்மா சீக்காளி, அயனாவரத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். முன்பு தீபாவளி பொங்கலுக்குத்தான் போய்ப் பார்ப்பேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரெண்டு பஸ் மாறிப் போய் அவருக்குத் தலை வாரிவிட்டு வருகிறேன். ஆர்லிங்டன் அக்கா சொன்ன மாதிரிதான், யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை, வீட்டுக்காரரிடமும்.

நாவலூர் சார் சொல்வதும் நிஜம். காலை ஷிப்டுக்கு வருவதற்குள் புடவை கசங்கிக் கந்தலாகிவிடும். பஸ் கூட விடத்தான் வேண்டும்.

குரோம்பேட்டை தம்பதி

இது வீட்டுக்காரர். மெப்ஸ் அக்கா எழுதியதை இவள் என்னிடம் வாசித்துக் காட்டினாள், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுதியதற்கு ரொம்ப நன்றிங்க.

நாவலூர் நண்பருக்கு என் பதில். நாங்கள் விட்டுவந்த ஊரின் கதையைச் சொன்னால், நான் ஏன் இங்கே இருப்பதை இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன் என்று புரியும். ஆர்லிங்டன் கிராமம் இல்லை. டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட நாலு லட்சம் பேர் வாழும் நகரம், பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது, 2009-ல் திறந்த பிரம்மாண்டமான அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியம் இருக்கிறது, எண்பதாயிரம் பேர் உட்காரலாம். நகரப் பேருந்து மட்டும் இல்லை. பொதுப் போக்குவரத்துக்கு விற்பனை வரியில் ஒரு பங்கு ஒதுக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், 1980, 1985, 2002 என்று மூன்று தடவை, மூன்றிலும் வேண்டாம் என்றே முடிவு வந்தது. 2013-ல் ஒரே ஒரு வழித்தடத்தில் பஸ் விட்டுப் பார்த்தார்கள், பல்கலைக்கழகத்திலிருந்து பக்கத்து ரயில் ஸ்டேஷன் வரைக்கும். 2017 கடைசியில் அதையும் நிறுத்திவிட்டு, போனில் கூப்பிட்டால் வரும் வேன் சேவை கொண்டுவந்தார்கள். வேன் வந்தது நல்லதுதான், பல பேருக்கு உதவியது. ஆனால் கூப்பிட்டால்தான் வரும், எத்தனை நிமிஷத்தில் என்று உறுதி கிடையாது.

அங்கே கார் ஓட்ட முடியாதவர் யாரென்று பாருங்கள். வயசானவர்கள், பார்வை குறைந்தவர்கள், பதினாறு வயசு ஆகாத பிள்ளைகள், காருக்குக் காசில்லாதவர்கள், என் மனைவி மாதிரி வீட்டோடு இருப்பவர்கள். ஓட்டுப் போட்ட பெரும்பான்மைக்குக் கார் இருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பஸ் இல்லாததால் யாருக்கு என்ன ஆகிறது என்று அவர்கள் கண்ணில் படவே படாது, அவ்வளவுதான். பஸ் ஒருமுறை இல்லாமல் போய்விட்டால் அதைக் கேட்கும் ஆளும் இல்லாமல் போய்விடுகிறார்கள். அதனால்தான் எனக்கு நீங்கள் சொல்லும் பயம் இல்லை. பஸ்ஸில் போகிறவன்தான் இன்னும் பஸ் விடு என்று கேட்பான். நன்றி சொல்கிற வாயும் அதே வாய்தான்.

எனக்கு வேலை கிண்டியில். ட்ரெயினில் போய் இறங்கினால் மெட்ரோவும் அங்கேயே இருக்கிறது. சென்ட்ரல் பக்கம் வேலை இருந்தால் மெட்ரோவுக்கு மாறிக்கொள்வேன். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதும் பெரும்பாலும் மெட்ரோதான், திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைக் கடந்தால் விமான நிலைய மெட்ரோ, லிஃப்ட் இருக்கிறது, ஏசி, அவருக்கு மூச்சு வாங்காமல் போய்ச் சேர முடிகிறது. 2015-ல் கோயம்பேடு-ஆலந்தூர் என்று சின்னதாக ஆரம்பித்தது, இன்றைக்கு விம்கோ நகர் வரை போகிறது. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் ஆப் வந்ததிலிருந்து பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

ஆனால் பஸ்ஸில் மட்டும் எனக்குக் கண்டக்டரிடம் காசு கொடுத்து வாங்கத்தான் பிடிக்கும். கூட்டத்தில் முன்னால் நின்றுகொண்டு "ஒரு பல்லாவரம்" என்று பத்து ரூபாய் நோட்டைப் பின்னால் நீட்டுவேன். ஒரு காலேஜ் பையன் வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பான், அவர் காதில் போனோடு யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே வாங்கிப் பின்னால் தள்ளுவார், ஒரு பாட்டியம்மா, அப்புறம் யார் என்றே தெரியாத ஒரு கை. கடைசியில் கண்டக்டர். டிக்கெட்டுக்குள் சில்லறையை மடித்து வைத்து அதே வழியில் திரும்பி வரும். ஒரு ரூபாய் குறைந்து நான் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிய ஊரில் என் காசை நான்கு அந்நியர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிற்கிறேன் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கே.கே. நகர் சக்கர நாற்காலி

எல்லாருடைய பதிவும் அருமை. ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். யாரையும் கேட்காமல் வெளியே போவது என்று அக்கா எழுதினாரே, எங்களுக்கு அது பல வருஷம் நீதிமன்றத்தில் போராடிக் கிடைத்தது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் துணையாளோடு இலவசம் என்று உத்தரவு இருக்கிறது, நல்ல உத்தரவு. ஆனால் மூன்று உயரமான படிக்கட்டு இருக்கும் வண்டியில் சக்கர நாற்காலியை எப்படி ஏற்றுவது? இரண்டு பேர் தூக்க வேண்டும். தூக்குகிறவர்கள் அன்பாகத்தான் தூக்குவார்கள், ஆனால் தூக்கிப் போடும் சாமானாக இருக்க யாருக்குப் பிடிக்கும்.

உயர் நீதிமன்றம் தாழ்தளப் பேருந்துதான் வாங்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னதற்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் அந்த வண்டிகள் ரோட்டுக்கு வந்தன. 2025 ஜூனில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள். நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தரைப்பக்கம் இறங்கும், நடு வாசலில் சாய்தளப் பலகையைக் கண்டக்டர் விரித்துப் போடுவார், நான் என் கையாலேயே உருட்டிக்கொண்டு ஏறி, சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டு பெல்ட் மாட்டிக்கொள்வேன். முதல் தடவை ஏறினபோது ஜன்னலோரத்தில் என் உயரத்துக்கு ஊர் தெரிந்தது. வடபழனியில் இறங்க வேண்டியவன் இறங்காமல் கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன், வேண்டுமென்றேதான்.

குறை இருக்கிறது. வண்டி தாழ்ந்தாலும் நடைபாதை தாழ்ந்து வரவில்லை, பல நிறுத்தங்களில் பைக்கை ஏற்றி நிறுத்தியிருப்பார்கள், பஸ் ஓரமாக ஒட்டி நிற்க முடியாமல் நடு ரோட்டில் நிற்கும், அப்போது பலகை செங்குத்தாகிவிடும். தயவுசெய்து பஸ் ஸ்டாப்பில் வண்டி நிறுத்தாதீர்கள், இது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

ஸ்காபரோ அண்ணை

கனடாவில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, நானும் மனைவியும் ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியில் குடியேறியபோது கார் என்ன, ஒழுங்கான குளிர்ச்சட்டைகூட இருக்கவில்லை. எங்களை வாழ வைத்தது ரி.ரி.சி. என்கிற ரொறன்ரோ நகரப் பஸ்தான். மனைவி காலமை ஃபாக்டரிக்கு, நான் இரவு ரெஸ்டாரண்டுக்கு. பனி கொட்டும்போது பஸ்ஸின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தால் வரும் ஆறுதலைப் பட்டவருக்குத்தான் தெரியும். எங்கள் ஆட்கள் பலர் ஆங்கிலம் பழகியதே பஸ் சாரதியோடு கதைத்துத்தான். 2018-ல் இருந்து ஒருமுறை கட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஏறி இறங்கலாம் என்று ஆக்கினார்கள், மரக்கறி வாங்கி, கோயிலுக்குப் போய், அதே காசில் வீடு வந்து சேரலாம்.

ஆனால் ஒன்று, தம்பி நாவலூர் சொல்வதையும் கவனிக்க வேணும். எங்கள் பக்கம் 1985-ல் இருந்து ஓடிய ஸ்காபரோ ரயில் 2023 யூலையில் தடம் புரண்டது, அதோடு மூடியே விட்டார்கள். அது பழசாகிவிட்டது, மாற்ற வேணும் என்று எத்தனையோ வருசமாகக் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். இப்ப அந்த இடத்துக்கு பஸ் ஓடுகிறது. கையில் இருக்கிறதைக் கவனித்துப் பாராவிட்டால் கை விட்டுப் போகும்.

நாவலூர் வாசி

ஆர்லிங்டன் வாக்கெடுப்புக் கதை எனக்குப் புதுசு சார். உங்கள் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன், பஸ்ஸில் போகிறவன்தான் பஸ் கேட்பான் என்பது சரிதான். எங்கள் அபார்ட்மெண்டில் பார்த்தாலே தெரிகிறது. பாதிப் பேர் கார் வாங்கிவிட்டார்கள், சங்கக் கூட்டத்தில் இப்போது பார்க்கிங் பற்றி மட்டும்தான் பேச்சு, நிறுத்தத்துக்கு நிழற்குடை வேண்டும் என்று மனுக் கொடுக்கக் கையெழுத்துக் கேட்டால் வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களும்தான் போடுகிறார்கள்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல், அதில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரும் தடம் எங்கள் ரோட்டு வழியாகத்தான். தூண் நிற்கிறது, தடுப்பு நிற்கிறது, தூசி பறக்கிறது. வரட்டும், காத்திருக்கிறோம். குழந்தை பிறந்தாயிற்று, பெண் குழந்தை. அவள் ஸ்கூல் போகும்போது நாங்களும் இப்படி ஒரு நன்றிப் பதிவு போடுகிறோம்.

குரோம்பேட்டை தம்பதி

மறுபடியும் நான்தான். நாவலூர் தம்பிக்கு முதலில் வாழ்த்து! பாப்பாவுக்கும் அம்மாவுக்கும் எங்கள் அன்பு.

எங்கள் மகள் இப்போது இலவச பஸ் பாஸில்தான் ஸ்கூலுக்குப் போகிறாள். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பஸ் இலவசம் என்று சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. முதல் மாதம் நான் கூடவே போனேன், அப்புறம் "நீ வர வேண்டாம்மா, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க" என்றுவிட்டாள். பின் சீட்டில் இடம் பிடித்து வைக்கும் தோழி, இறங்கும் இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் கண்டக்டர் என்று அவளுக்கு ஓர் உலகம் உண்டாகிவிட்டது. ஒருநாள் பெரிய மழை, ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீர், இவள் வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நான் குடையோடு நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் வந்தது. டிரைவர் நிறுத்தத்தில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு நாலு அடி தள்ளி மேடான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கும் வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவர் அசையவில்லை. நான் கும்பிட்டேன், அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை, கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அந்த டிரைவருக்காகத்தான் முக்கியமாக இந்த இழையையே ஆரம்பித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே.கே. நகர் சகோதரர் சொன்னதை எங்கள் தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நிறுத்தத்தில் பைக் நிறுத்துகிறவர்களில் எங்களுக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், சொன்னோம், கேட்டுக்கொண்டார்கள்.

மெப்ஸ் அக்கா, நீங்கள் எந்த பஸ்ஸில் போகிறீர்கள்? ஒரே பக்கம்தான் இருக்கிறோம், ஒருநாள் பார்க்கலாம்.

புதுக்குடித்தனம்

நல்ல இழை. கல்யாணமாகி அடுத்த மாதம் மதுரையிலிருந்து சென்னை வருகிறோம். அவருக்கு எழும்பூரில் வேலை, எனக்கு இனிமேல்தான் தேட வேண்டும். கார், பைக் எதுவும் இல்லை, வாங்கவும் இப்போது வழியில்லை. பெருங்களத்தூரில் வாடகை கொஞ்சம் குறைவு என்கிறார்கள், பல்லாவரத்தில் கூட. எங்கே பார்ப்பது? உங்களை மாதிரி தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர் 29சி

வாங்க வாங்க. என் யோசனை பல்லாவரம் அல்லது குரோம்பேட்டை. காரணம் சொல்கிறேன். கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு வரை போவது குறைவு, பெருங்களத்தூர் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் என்பதால் ராத்திரி நேரத்தில் காத்திருக்க வேண்டி வரும். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் இருந்தால் எந்த வண்டியிலும் ஏறலாம். வாடகையில் மிச்சமாகும் ஆயிரத்தை நேரத்தில் விட்டுவிடுவீர்கள். வீடு பார்க்கும்போது ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரமா என்று நீங்களே நடந்து பாருங்கள், புரோக்கர் சொல்லும் ஐந்து நிமிஷத்தை நம்பாதீர்கள். சாருக்கு எழும்பூர் என்றால் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், தினம் வரிசையில் நிற்க வேண்டாம். பஸ் நிறைய மாறிப்போகும் வேலை கிடைத்தால் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு விருப்பம்போல் பயணம் செய்யும் பாஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயில் குறைவாக ஓடும், பராமரிப்பு வேலை என்று சில நாள் ரத்தும் ஆகும், முதல் நாளே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெப்ஸ் தையல்

பல்லாவரம் வந்தால் சொல்லுங்கள்மா, எங்கள் கம்பெனியிலேயே ஆள் எடுக்கிறார்கள், தையல் தெரியாவிட்டாலும் செக்கிங்கில் போடுவார்கள். சானடோரியத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

குரோம்பேட்டை அக்கா, நான் ட்ரெயினிலும் வருவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சானடோரியத்தில் லேடீஸ் பெட்டி நிற்கும் இடத்தில் நிற்பேன். வியாழக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போவேன், அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

குரோம்பேட்டை தம்பதி

சரி அக்கா, வெள்ளிக்கிழமை வருகிறேன். மாமியாரும் வருகிறேன் என்கிறார்.